வரிமேல் ஓடிய விரல்

வறுத்த முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கை எளிதில் வெளுப்பதில்லை. சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும், தோலில் ஊறியிருக்கும் எண்ணெய் விரல்நுனிகளைப் பொசுக்கிக் கறுப்பாக்கிவிடும். சுகன்யா மேரிக்கு முப்பத்தேழு வயது. வரதராசன்பேட்டைக்கு அருகில் முந்திரிக்காட்டை ஒட்டிய இந்த ஊருக்கு மருமகளாக வந்த பத்தொன்பதாம் வயதிலிருந்து அவள் கொட்டை உடைத்து வருகிறாள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் விரல்ரேகை எந்திரம் அவள் விரலை ஏற்காது. "வேற விரல வைம்மா" என்பார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்துச் சலித்தபின் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதனாலேயே தன் கையெழுத்தின்மேல் அவளுக்கு ஒரு மதிப்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவள். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் அவளிடம்தான் வருவார்கள்.

சென்ற ஆண்டு அக்டோபரில் அவளுக்கு வேண்டியிருந்தது இன்னொருவரின் கையெழுத்து. மகள் ஷாலினி பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்தாள். அவளுக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் கற்றல் குறைபாடு இருப்பதாகத் தலைமையாசிரியர் ராசாங்கம் ஒரு படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். இட்டால் மருத்துவர்கள் அவளைச் சோதிப்பார்கள். அவர்கள் சான்றளித்தால், பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியரும், கூடுதலாக ஒரு மணி நேரமும், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும் கிடைக்கும். எல்லாத் தாள்களும் அக்டோபர் இருபத்தைந்துக்குள் தேர்வு அலுவலகத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் ஷாலினி மற்ற பிள்ளைகளைப் போலத் தானே வாசித்துத் தானே எழுத வேண்டும். அது அவளால் ஆகாது என்பது அவள் தாய்க்கு நிச்சயமாகத் தெரியும்.

தலைமையாசிரியர் கையொப்பமிட மறுத்தார். அவர் மறுத்ததற்குக் காரணமே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுகன்யா தன் மகளுக்காகச் செய்த ஒரு காரியம்தான்.

ஷாலினி மூன்றாம் வகுப்பில் இருந்தபோதே எழுத்துகள் அவளோடு ஒத்துழைக்க மறுத்தன. நேற்று அடையாளம் கண்ட எழுத்தை இன்று அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். கரும்பலகையில் இருக்கும் ஒரு வரியைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். போதாக்குறைக்கு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பாடத்தின் நடுவில் எழுந்து சன்னலுக்குப் போவாள். ஏன் போனாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரே ஆண்டில் நான்கு தண்ணீர்ப் புட்டிகளையும் ஒரு பையையும் டவுன் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தாள். பள்ளியில் அவளை மக்கு என்றார்கள். உறவினர் கூடும் இடங்களில் அதையே சற்று மென்மையாகச் சொன்னார்கள்.

ஆனால் அவளுக்குக் காது இருந்தது. ஐந்து வயதில் மாதா மன்றாட்டுமாலையை முதலிலிருந்து முடிவுவரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். இதைக் கண்டுகொண்ட சுகன்யா தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டாள். கொட்டை உடைக்கும் கல்லுக்கு எதிரில் பாடநூலை விரித்து வைத்து, உடைத்துக்கொண்டே உரக்க வாசிப்பாள். மகள் முற்றத்தைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டே கேட்பாள். இரண்டு முறை கேட்டால் போதும். வாய்மொழித் தேர்வென்றால் ஷாலினி தப்பித்துக்கொள்வாள். எழுத்துத் தேர்வென்றால் விடைத்தாள் வெறுமையாக இருக்கும். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் வகுப்புகள் தாமாகக் கடந்தன.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்த ஆகஸ்டில், ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது. திருவிழாத் திருப்பலியில் விவிலியத்திலிருந்து முதல் வாசகத்தை ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர் வாசிப்பது வழக்கம். யார் வாசிப்பது என்று பட்டியல் போடுகிறவர் உபதேசியார் மரியசூசை. கோயில் சாவியும் வாசக நூலும் அவர் பொறுப்பில் இருந்தன. சுகன்யா அவரிடம் போய் மகளின் பெயரைச் சொன்னாள்.

"ஷாலினியா?" என்றார் மரியசூசை. "பள்ளிக்கூடத்துல அது வாசிக்கிறதில்லன்னு சொல்லிக்கிறாங்களே தாயி."

"பள்ளிக்கூடத்துல வாசிக்காது. கோயில்ல வாசிக்கும்."

"அதெப்படி?"

"பக்திதான்."

உபதேசியாரால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. வாசகத்தின் நகலைப் புதன்கிழமை கொடுத்தார். நான்கு நாட்கள் தாயும் மகளும் உழைத்தார்கள். சொற்களை மனத்தில் ஏற்ற ஒரு நாளே போதுமானதாக இருந்தது. மற்ற மூன்று நாட்களும் வாசிப்பதுபோல நிற்பதற்கான பயிற்சி. வலக்கையின் ஆள்காட்டி விரல் வரியின்மேல் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். வரி முடிந்ததும் கீழிறங்க வேண்டும். வாக்கியத்தின் முடிவில் தலையை நிமிர்த்தி மக்களைப் பார்க்க வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பிறகு பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதைச் சுகன்யா கோயிலுக்கே போய், வாசக நூலைத் திறந்து பார்த்து வந்தாள்.

ஷாலினி பிசகின்றி வாசித்தாள். வறண்ட நிலம் பூப்பதையும் நடக்க முடியாதவர் துள்ளி எழுவதையும் சொல்லும் பகுதி அது. ஒலிபெருக்கியில் அவள் குரல் தேரடிவரை கேட்டது. கடைசி வரிசையில் நின்றிருந்த அவள் அப்பா அமல்தாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுபவர். எதற்கும் முகத்தைத் துடைத்துக்கொள்கிற ஆள் அல்ல. திருப்பலி முடிந்ததும் ஆயர் அவள் தலையில் கைவைத்து ஆசீர் அளித்தார். இளைஞர்கள் எடுத்த காணொளி மதியத்துக்குள் ஊரின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்விட்டது. அன்றைக்குப் பிறகு யாரும் சுகன்யாவின் காதுபட மகளை மக்கு என்று சொல்லவில்லை.

அவள் எதிர்பாராதது இதற்குப் பிறகு நடந்தது. காணொளி தலைமையாசிரியருக்கும் போயிற்று. ராசாங்கம் நேர்மையானவர், பிள்ளைகளைப் பாராட்டுவதற்குக் காரணம் தேடுகிறவர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஷாலினியை முன்னால் அழைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஆசிரியர்கள் கைதட்டினார்கள், ஆனால் அன்றுமுதல் அவளை வேறு கண்ணால் பார்த்தார்கள். அதுவரை அவள் வாசிக்கத் தெரியாத பெண். அதன்பின் அவள் வாசிக்கத் தெரிந்தும் வாசிக்க மறுக்கிற பெண். அதுவரை அவளிடம் இருந்தது மந்தம். அதன்பின் இருந்தது திமிர். மந்தத்தைச் சும்மா விடலாம், திமிரை விடலாகாது. ஒன்பதாம் வகுப்பில் பெரும்பாலான நாட்கள் அவள் வகுப்புக்கு வெளியில் நின்றாள். ஆண்டு முடிவில் எல்லோரோடும் சேர்த்துப் பத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

கோயிலில் மட்டும் மாதம் ஒருமுறை அவள் முறை வந்தது. புதன்கிழமை நகல், ஞாயிற்றுக்கிழமை வாசகம். அந்த மாதத்தில் அவள் நிமிர்ந்து நிற்கிற ஒரே இடம் அது. சுகன்யா அதை நிறுத்த நினைக்கவே இல்லை.

பத்தாம் வகுப்பு தொடங்கிய அடுத்த மாதம், ஜூலையில், வட்டார வள மையத்திலிருந்து லீலாவதி என்ற சிறப்பாசிரியை அந்தப் பள்ளிக்கு வரத் தொடங்கினாள். பதினாறு பள்ளிகளுக்கு அவள் ஒருத்தி, ஸ்கூட்டரில் சுற்றுவாள், இந்தப் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள். வகுப்புக்கு வெளியில் நின்றுகொண்டிருந்த பெண்ணோடு பேச்சுக்கொடுத்தாள். பொருளற்ற சொற்களை எழுதி வாசிக்கச் சொன்னாள். படங்களைக் காட்டினாள். கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். செப்டம்பர் முடிவில் ஒரு பிற்பகல் வீட்டுக்கே வந்து, கொட்டைத் தோல் குவியலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது சோம்பேறித்தனம் இல்லக்கா. திமிரும் இல்ல. டிஸ்லெக்சியான்னு சொல்லுவாங்க. எழுத்த மூளை வாங்கிக்கிற விதமே வேற. புத்திக்கு ஒரு குறையும் கிடையாது."

சுகன்யா உடைப்பதை நிறுத்தினாள். ஏழு ஆண்டுகளாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிறர் வாயால் கேட்பது இதுவே முதல்முறை.

"அப்புறம், இவ ஒக்கார மாட்டேங்கறா பாருங்க, அது வேற ஒண்ணா இருக்கும்னு எனக்குச் சந்தேகம். ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. அத டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது."

"மருந்து இருக்கா டீச்சர்?"

"மொதல்ல பரீட்சைக்கு வழி இருக்கு. ஒம்போதாந்தேதி டவுன்ல மருத்துவ முகாம். ஹெச்.எம். படிவத்த நிரப்பிக் குடுத்தா அங்கேயே பாத்துடுவாங்க. அத விட்டா அலையணும்."

அமல்தாஸுக்கு இது பிடிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "பைத்தியம்னு எழுதி வாங்கப் போறியா? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல அந்தச் சீட்டத்தான் கேப்பான்."

"பத்துல பெயிலானா மட்டும் பல்லக்கு வெச்சா கூட்டிட்டுப் போவான்?"

அவர் எழுந்து கைகழுவினார். அது சம்மதம் என்று சுகன்யா எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் படிவத்தோடு பள்ளிக்குப் போனாள். ஷாலினியும் உடன் போய், அறைக்கு வெளியில் கதவருகே நின்றாள். ராசாங்கம் படிவத்தை முழுவதும் படித்தார். பிறகு மூடிவைத்தார்.

"ஏம்மா, வாசிக்கத் தெரியாதுன்னு இதுல நான் எழுதணுமா?"

"சிரமம்னு எழுதினாப் போதும் சார்."

"ஒங்க பொண்ணு ஆயர் முன்னால வாசிச்சத நானே பாத்தேன். அசெம்பிளியில கைதட்டச் சொன்னதும் நான்தான். இப்ப இதுல கையெழுத்துப் போட்டா நான் பொய் சொன்னேனா, இல்ல பொய் சொல்றேனா?"

"அது வேறங்க சார்."

"என்ன வேற? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

சுகன்யா வாயைத் திறந்தாள். கதவுக்கு வெளியில் மகளின் செருப்பு தரையைத் தேய்க்கும் ஒலி கேட்டது. ஆயரின் கை நினைவுக்கு வந்தது. கோயிலில், பீடத்துக்கு முன்னால், ஊரே பார்க்க, வாசிக்காததை வாசித்ததாகக் காட்டினோம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"அது சின்னப் பகுதி சார்" என்று மட்டும் சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹெச்.எம். இதே மாதிரி ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டு, பொய்ச் சர்டிபிகேட்டுன்னு விசாரணைக்கு அலைஞ்சுகிட்டிருக்காரு. ரிட்டயர் ஆக எனக்கு ஒன்றரை வருசம் இருக்கு. சலுகைக்கு ஆசப்படறது தப்புன்னு சொல்லல. உண்மையிலேயே முடியாத பிள்ளைங்களுக்குன்னு வெச்சிருக்கிறது அது." படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அவளப் படிக்கச் சொல்லுங்க. அவளால முடியும்."

அவள் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் தேதி, நிரப்பாத அந்தப் படிவத்தோடே மகளை முகாமுக்கு அழைத்துப்போனாள். பள்ளியின் அறிக்கை இல்லாமல் பார்ப்பதற்கில்லை என்று பணிவாகவே திருப்பி அனுப்பினார்கள். லீலாவதி வேறு வட்டாரத்தில் பயிற்சியில் இருந்ததால் அவளுக்கு இது எதுவும் தெரியாது. திரும்பி வந்தபின் கேள்விப்பட்டு நேராக முற்றத்துக்கு வந்தாள்.

"ஹெச்.எம். வீடியோவக் காட்டறாரு. நான் பாத்தேங்க்கா. அவ கண்ணு நகரல. விரல் மட்டும் நகருது. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா அது ஊகம். அவருகிட்ட ஊகம் செல்லாது."

"நான் எப்படிச் சொல்றது டீச்சர்? கோயில் விசயம்."

"நீங்க சொல்லலன்னா அவ எழுத முடியாதவ இல்ல, எழுத மாட்டேங்கறவ. அவ பேரு அதுதான் கடைசி வரைக்கும்."

அது அக்டோபர் பதினாறு. மறுநாள் காலை கைகளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு சுகன்யா பள்ளிக்குப் போனாள். இம்முறை மகளை வெளியில் நிறுத்தவில்லை. நின்றபடியே தொடங்கி, புதன்கிழமை நகலிலிருந்து பக்கம் புரட்டும் பயிற்சிவரை எதையும் விடாமல் வரிசையாகச் சொல்லி முடித்தாள். ஷாலினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசாங்கம் நம்பவில்லை. நம்பாதவர் என்பதைவிட, நம்பிவிட்டால் தான் என்னவாவோம் என்று தயங்கியவர் போல அவர் முகம் இருந்தது.

"இந்தப் படிவம் வேணும்கிறதுக்காக எத வேணா சொல்லலாம்மா" என்றார். மேசையில் கிடந்த தாள்களில் ஒன்றை எடுத்தார். தேர்வில் சொல்வதை எழுதும் ஆசிரியர்களை நியமிப்பது பற்றிய சுற்றறிக்கை அது, ஒரே தாள். அதை ஷாலினியிடம் நீட்டினார். "கோயில்ல வாசிச்ச மாதிரி வாசி, பாக்கலாம்."

ஷாலினி தாளை வாங்கினாள். தாயைப் பார்க்கவில்லை. கால்களைச் சேர்த்து நின்றாள். தாளை மார்புக்கு நேராகப் பிடித்து, வலக்கையின் ஆள்காட்டி விரலை முதல் வரியின் தொடக்கத்தில் வைத்தாள். பிறகு வாசித்தாள்.

வறண்ட நிலம் பூத்தது. தளர்ந்த கைகள் வலுப்பெற்றன. அந்த அறையில் ஒலிபெருக்கி இல்லை. ஆனாலும் பக்கத்து அறையில் தட்டச்சு ஒலி நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய திருவிழா வாசகம் ஒரு சொல்கூடப் பிசகாமல் வந்தது. விரல் சுற்றறிக்கையின் வரிகளின்மேல் இடமிருந்து வலமாக ஓடியது. வாக்கியங்களின் முடிவில் தலை நிமிர்ந்தது. வாசக நூலில் பக்கம் புரட்ட வேண்டிய சொல் வந்ததும் அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. அச்சு எதுவும் இல்லாத அந்த வெள்ளைத் தாளின்மேல் விரல் முன்போலவே ஓடியது, வரி முடிந்ததும் கீழிறங்கியது, மறுபடி ஓடியது.

முடித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"போதுமா சார்?"

அறியாமல் செய்தாளா, அறிந்தே செய்தாளா என்று சுகன்யா இன்றுவரை அவளைக் கேட்டதில்லை.

ராசாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படிவத்தை எடுத்தார். ஒவ்வொரு கட்டத்தையும் தன் கையாலேயே நிரப்பினார். நடுவில் ஒருமுறை, "அசெம்பிளிக்கு அப்புறம்தான் இவள வெளிய நிக்க வெச்சாங்க, இல்ல?" என்று கேட்டார். கையொப்பமிட்டு முத்திரை வைத்துக் கொடுத்தபோது சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"முகாம் முடிஞ்சு எட்டு நாளாச்சேம்மா. அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

சுகன்யா படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். அதன்பின் பல மாதங்கள் கொட்டை உடைக்கும்போதெல்லாம் அவள் அந்த அறையில், அந்தக் கேள்வியின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

முகாமை விட்டவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே உளவியலாளர் வரும் நாள் வியாழன். ஒரே அமர்வில் சோதனை முடிவதில்லை. இருபத்துமூன்றாம் தேதி ஓர் அமர்வு; முப்பதாம் தேதி மற்றொன்று. அமல்தாஸ் இரண்டு நாளும் லாரியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். இரண்டாம் அமர்வில் ஷாலினி ஒன்பது முறை எழுந்து நடந்தாள். வாசலில் நின்ற அமல்தாஸ் ஒன்பது முறையும் "ஒக்காரு பாப்பா" என்றார். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. இருபத்தைந்தாம் தேதி இதற்கிடையில் வந்து போய்விட்டது.

நவம்பர் ஆறாம் தேதி சான்றிதழ் கிடைத்தது. வாசிப்பு, எழுத்து இரண்டிலும் கற்றல் குறைபாடு உறுதி என்று இருந்தது. கவனச் சிதறல், மிகைத் துடிப்பு என்ற இடத்தில், ஐயம் உண்டு, குழந்தை மனநல மருத்துவரின் மேல்மதிப்பீடு தேவை என்று இருந்தது. அதற்குத் தஞ்சாவூருக்கு மாதம் ஒருமுறையாகப் பல மாதங்கள் போக வேண்டும். ஆசிரியர்கள் தனியாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒருமுறை போனார்கள். அடுத்த முறைக்குக் குறித்த நாளில் லாரி ஓட்ட மாற்று ஆள் இல்லை.

ராசாங்கம் முகப்புக் கடிதம் எழுதி, காலதாமதத்துக்குத் தானே பொறுப்பேற்று, சான்றிதழைத் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பினார். இவ்வாண்டுப் பட்டியல் முடிந்துவிட்டது, துணைத்தேர்வுக்குப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

அந்தச் சான்றிதழ் உடனே வேலை செய்தது ஓரிடத்தில்தான். கோயிலில் வாசகம் வாசிப்பவர்களின் டிசம்பர் மாதப் பட்டியலில் ஷாலினியின் பெயர் இல்லை. சுகன்யா கோயிலுக்குப் போனபோது மரியசூசை மெழுகுத் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பாவ இனிமே சிரமப்படுத்த வேணாம்னுதான் தாயி."

"அவளுக்கு அது சிரமம் இல்லீங்களே உபதேசியாரே. அவளுக்குச் சிரமம் இல்லாதது அது ஒண்ணுதான்."

"புத்தகத்தப் பாத்து வாசிக்கிறதுதானே மொற? தெரியாதவரைக்கும் சரி. இப்ப பள்ளிக்கூடத்துலேர்ந்து ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு இன்னொருத்தன் வந்து எம்மவனும் பாக்காமச் சொல்லுவான்னு நிப்பான்." சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "பாடற குழுவுல வேணா சேத்துக்கறேன். பின்னால நிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஷாலினி, "சர்டிபிகேட்ட அவருகிட்டயும் குடுத்தியாம்மா?" என்று கேட்டாள். பாடும் குழுவுக்கு அவள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வாசகம் தொடங்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய்க் கொடிமரத்தடியில் நின்றுகொள்வாள். அவளால் உட்கார முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பொதுத்தேர்வு வந்தது. சுகன்யா எல்லாப் பாடங்களையும் வாசித்துக் காட்டியிருந்தாள். மகளும் எல்லாவற்றையும் சொல்லிக் காட்டியிருந்தாள். தமிழ்த் தேர்வன்று ஒரு மணி நேரம் முடிவதற்குள் மூன்று முறை தண்ணீர் கேட்டாள். வினாத்தாளில் இரண்டு வினாக்களை மட்டும் எழுத்துக்கூட்டி முடித்திருந்தாள். வெளியே விடும் நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்து வந்தாள். வாசலில் காத்திருந்த லீலாவதி கேள்விகளை வாசித்துக் கேட்டபோது ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். லீலாவதி பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வினாத்தாளை மடித்துக்கொடுத்தாள்.

மே மாதம் முடிவு வந்தது. கணக்கில் எண்களாலும், அறிவியலில் ஒருமதிப்பெண் வினாக்களாலும் செய்முறை மதிப்பெண்ணாலும் எப்படியோ தேறியிருந்தாள். தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் மூன்றும் போயின. அமல்தாஸ் யாரையும் ஏசவில்லை. இரண்டு நாள் கழித்து உடைக்கும் கல் இன்னொன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து சுகன்யாவின் கல்லுக்குப் பக்கத்தில் போட்டார்.

ஜூன் நடுவில் தேர்வு அலுவலகத்தின் கடிதம் வந்தபோது ஷாலினியின் விரல்நுனிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. சுகன்யா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை உரக்க வாசித்தாள். துணைத்தேர்வில் ஷாலினி மேரிக்குச் சொல்வதை எழுதும் ஆசிரியர் உண்டு. தனி அறை உண்டு. ஆங்கிலத் தாளிலிருந்து விலக்கு உண்டு. கூடுதல் நேரம் ஒரு மணி.

ஷாலினி ஒரு கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தித் தட்டினாள். பருப்பு முழுதாக வந்தது.

"அந்த ரூம்ல வேற யாரும் இருக்க மாட்டாங்களா?"

"நீயும் அந்த டீச்சரும்தான்."

"யாரும் வீடியோ எடுக்க மாட்டாங்கல்ல?"

"எடுக்க மாட்டாங்க."

ஷாலினி யோசித்தாள். "மூணு மணி நேரம் ஏற்கெனவே. இது ஒண்ணு. நாலு மணி நேரம்மா. அவ்வளவு நேரம் என்னால ஒக்கார முடியாதே. நடுவுல எந்திரிச்சு நடக்கலாம்னு போட்டிருக்கா?"

சுகன்யா கடிதத்தை முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"போடல."

"நடந்துகிட்டே சொன்னா எல்லாம் வரும். ஒக்காந்தா வராது."

கூடையில் இன்னும் பாதிக்குமேல் கொட்டை இருந்தது. சுகன்யா எழுந்து உள்ளே போய்த் தேங்காயெண்ணெயை எடுத்து வந்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. மனு எழுதுவதற்கு வைத்திருக்கும் தாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதினொரு மணி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஹெச்.எம்.மப் போய்க் கேட்டுப் பாக்கறேன்" என்றாள். "இந்தத் தடவ இன்னைக்கே கேட்டுடறேன்."